சமயபுரத்தில் ஜென்னர்

திருச்சியில் கால் வைத்ததும் நான் முதலில் சண்டை போட்டது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரோடு. மேலப்புதூர் போகணும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருங்க நீங்க? பேசுறது நம்ம பேச்சு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கே" என்றார். பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வருடக்கணக்காகத் தமிழிலேயே அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! "மலேசியா" என்றேன் வெடுக்கென்று. "அப்ப கோடாலித் தைலம் கொண்டாந்திருப்பீங்களே?" என்றார் அவர். பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்த பிறகு சமாதானம் ஆயிற்று. வழி முழுக்கத் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மிதித்தார்.

எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்கு வருகிறவர்கள் சொந்தக்காரர்களைப் பார்க்க வருவார்கள், இல்லாவிட்டால் கோயில் கும்பிட வருவார்கள். நான் இரண்டுக்கும் வரவில்லை. படம் கொண்டுபோக வந்தேன். எங்கள் தலைமையாசிரியர் திருச்சியில் படித்தவர். அவருடைய பழைய பௌதிகப் பேராசிரியர் சவரிமுத்து சாரின் மேலப்புதூர் வீட்டில் ஐரோப்பாவில் அச்சான பழைய செதுக்குப் படங்கள் ஒரு செட் இருந்தது. செம்புத் தகட்டில் உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. விஞ்ஞானிகள், அவர்கள் எதையாவது கண்டுபிடித்த அந்த நிமிடம், அதுதான் எல்லாப் படத்திலும். பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் மாட்டுவதானால் சும்மாவே தருகிறேன் என்று சார் எழுதியிருந்தார். எங்கள் பள்ளியிலோ ஜனவரியில் புதிதாக அறிவியல் அறை திறக்கப்போகிறோம்.

சார் எழுதி அனுப்பிய படப் பட்டியலில் எனக்கு ஒரு படம்தான் உயிர். ஜென்னர் என்ற ஆங்கில டாக்டர், ஒரு பையனின் கையைக் கீறிப் பெரியம்மைக்கு முதன்முதலாகத் தடுப்புக் கொடுக்கிற படம். என் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான்காரன் போன கையோடு எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பெரியம்மை நுழைந்தது. நான் பிழைத்தேன், முகம் பிழைக்கவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் பழகியதும் ஏதாவது ஒரு வாண்டு, "டீச்சர், மூஞ்சில என்னா?" என்று கேட்டுவிடும். வருகிற வருடம் அந்தக் கேள்விக்கு நான் சுவரைக் காட்டப்போகிறேன். இவர் வந்ததால்தான் உன் முகம் இப்படி வழுவழுவென்று இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லியும் விட்டேன். தமிழ்ப்பள்ளியில் என்ன அறிவியல் வந்துவிடப்போகிறது என்று பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற நினைத்தவர்கள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஜென்னர் இல்லாமல் நான் திரும்பிப் போக முடியாது.

சவரிமுத்து சார் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் காகித நட்சத்திரம், உள்ளே முறுக்கு வாசனை. காபி வந்தது. எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் தார் மாதிரி ஒன்றைத் தருவார்கள், குடித்தால் இரண்டு நாள் தூக்கம் வராது. இங்கே டம்ளருக்கு மேலே நுரை நிற்கிறது, குடித்த அடுத்த நிமிடம் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டேன், கொடுத்தார்கள்.

ஹாலுக்குள் போனேன். சுவர் நெடுகப் படங்கள். இருட்டறையில் நியூட்டன் நிற்கிறார், சன்னல் ஓட்டை வழியே ஒரே ஒரு கீற்று வெளிச்சம் பட்டகத்தில் விழுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அறை இருட்டு முழுவதும் மயிரிழைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று பின்னிப் பின்னி. வெளிச்சத்தை மட்டும் செதுக்கினவன் தொடவில்லை. காகிதத்தை வெறுமனே விட்டிருக்கிறான், அது பளீரென்று எரிகிறது. அடுத்ததில் கலிலியோ தொலைநோக்கியை ஒரு பிரபுவிடம் நீட்டுகிறார். பிரபு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், எங்கள் கல்வி அதிகாரி நிற்பது போலவே. இன்னொன்றில் ஒருவர் மழையில் பட்டம் விட்டு மின்னலைப் பிடிக்கிறார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும் விட்டேன். சார் சந்தோஷமாகச் சிரித்தார்.

பிறகுதான் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் கண்ணில் பட்டது.

"ஜென்னர் எங்கே சார்?"

"அது கண்ணாடி போடப் போயிருக்கும்மா. பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கறப்போ விழுந்து கண்ணாடி உடைஞ்சுபோச்சு. சின்னக்கடை வீதியில நம்ம கடைதான். கொண்டாந்து தருவான்."

"கல்யாணம் எப்போ நடந்தது சார்?"

"மே மாசம்."

வெளியே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. நான் விரல்விட்டு மாதங்களை எண்ணினேன்.

மறுநாள் காலை சின்னக்கடை வீதிக்கு நானே போனேன். கண்ணாடிக் கடையில் முருகன், மாதா, மக்கா, யார் வீட்டுத் தாத்தாவோ எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து நின்றார்கள். கடைக்காரர் வைர ஊசியால் கண்ணாடியைக் கீறிக்கொண்டே என் கதையைக் கேட்டார். "சார் வீட்டு மாதா படம் வந்துச்சு, போச்சு. துரை படம் எதுவும் வரலைங்க. எங்க கடைக்கு வந்த படம் காணாமப் போச்சுங்கற பேச்சே கிடையாது" என்றார். அப்போதுதான் புரிந்தது, சார் படத்தைக் கடையில் கொடுக்கவே இல்லை. கொடுக்க வேண்டும் என்று வாசலருகே வைத்தார், கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மேதைகளோடு குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

திரும்பி வந்து நான் போட்ட சத்தத்தில், பின்கட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்த தனம் உலக்கையோடு எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் பாத்திரம் கழுவி வீடு பெருக்குகிறவள். "அந்தப் பசுமாட்டுப் படமா சார்? அதை நான்தானே கொண்டுபோய் விட்டேன்" என்றாள்.

"எங்கே விட்டே?" சாருக்குக் குரல் கிறீச்சிட்டது.

"சீரங்கத்துல, அம்மா மண்டபத்து அரசமரத்தடியில. கண்ணாடி உடைஞ்ச சாமி படத்தை வீட்டுல வெச்சிருந்தா ஆகாதுங்க. நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாதேன்னு நானே ஆடிப்பெருக்குக்குப் போனப்போ மஞ்சத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். சூடம் ஏத்திட்டுத்தான் வந்தேன்."

"அது சாமி இல்லை தனம், டாக்டர்!"

"பசுமாடு நிக்குது, பிள்ளை நிக்குது. டாக்டர் வீட்டுல எதுக்குங்க பசுமாடு?"

சார் என் பக்கம் திரும்பினார். மாட்டு அம்மை வந்த பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று கவனித்துத்தான் ஜென்னர் இதைக் கண்டுபிடித்தார், அதனால்தான் சன்னல் வழியே பசு தெரிகிறது என்று சொன்னேன். தனம் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, "பாத்தீங்களா, மாடுதான் காப்பாத்தியிருக்கு. அப்ப நான் சூடம் ஏத்தினதுல தப்பில்லை" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய படத்தைக் கொட்டகைக்குப் பின்னால் எறிவோம், ஆட்டம் முடிந்துவிடும். இங்கே அதற்கு வழியனுப்பு விழா நடத்தி, மரத்தடியில் குடிவைத்துவிட்டு வருகிறார்கள். அதனால் தேடவாவது ஒரு இடம் இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உலகமே ஏறியிருந்தது. என் ஒரு கால் படியில், ஒரு கால் யாருடைய வெண்ணெய்த் தூக்கின் மேலோ. காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி இருமிவிட்டு நின்றது. "எல்லாரும் இறங்கி ஒரு கை குடுங்க, ரங்கநாதரைப் பாக்கணும்னா சும்மா போக முடியுமா?" என்று கண்டக்டர் விசில் ஊதினார். இறங்கித் தள்ளினோம். என் செருப்பில் ஒன்று பஸ்ஸுக்குள்ளேயே தங்கிவிட்டது. பஸ் கிளம்பியபோது என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற ஆற்றைப் பார்த்தபடி மிச்சப் பாலத்தை நடந்தேன். எங்கள் ஊர் ஆறு காப்பித் தண்ணீர் நிறத்தில் முதலையோடு ஓடும், யாரும் அதைக் கும்பிடுவதில்லை.

அம்மா மண்டபத்து அரசமரத்தடியில் உடைந்த தெய்வங்கள் ஒரு கூட்டமே இருந்தது. தலை போன பிள்ளையார், கரையான் அரித்த லட்சுமி, காலண்டர் வெங்கடாசலபதி. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஜென்னர் இல்லை. படிக்கட்டில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்க, "என்ன தேடறேள்?" என்றார். உத்தர வீதிக்காரர், தினமும் அங்கே நீராடுகிறவர், கஸ்தூரி ஐயங்கார் என்று பெயர் சொன்னார். பசு, பிள்ளை, துரை என்று நான் ஆரம்பித்ததும் அவர் கண் விரிந்தது.

"அடியேன் சேவிச்சேனே அந்தப் படத்தை! பசு இருக்கு, பிள்ளை இருக்கு, கிருஷ்ணாவதாரம்னு கிட்டப் போய்ப் பார்த்தா நடுவில ஒரு துரை கத்தியோட உட்கார்ந்திருக்கான். எம்பெருமான் திருவுள்ளம் என்னன்னே புரியலை."

"படம் இப்போ எங்கே இருக்கு மாமா?"

"அன்னிக்கே ஒரு அம்மா எடுத்துண்டு போயிட்டா. மார்போட அணைச்சுண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. ஏன்னு கேட்டதுக்கு, 'இவரை எனக்குத் தெரியும்'னா. சமயபுரத்தில யாத்ரீகாளுக்கு ரூம் விடறாளாம். செல்லாயின்னு பேர் சொன்னா." என் காலைப் பார்த்துவிட்டு அவர், "ஒத்தைச் செருப்போட சமயபுரம் போகாதேங்கோ. முதல்ல எங்காத்துக்கு வந்து சாப்பிடுங்கோ" என்றார். அவர் வீட்டுப் புளியோதரையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கப்படவில்லை. அழுதவள் கையில் படம் பத்திரமாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிற்று, பசி அப்போதுதான் தெரிந்தது.

சமயபுரத்துக்கு நான் போனது செவ்வாய்க்கிழமை. கேட்க வேண்டுமா கூட்டத்துக்கு! மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பெண்கள், கையில் தீச்சட்டி, முன்னால் பம்பையும் உடுக்கையும். செல்லாயி அம்மா விடுதி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். கடைசியில் ஒரு பொரிகடைக்காரர்தான் எந்தச் சந்து என்று சரியாகச் சொன்னார்.

விடுதி வாசலில் பாய்களை உதறிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் முகமும் என் முகம்தான். அதே குழிகள், இடது புருவம் பாதி இல்லாததுகூட அதே மாதிரி. பாயைக் கீழே போட்டுவிட்டு வந்து, கேட்காமலே என் கன்னத்தில் கை வைத்தாள். என் முகத்தை அப்படி யாரும் தொட்டதில்லை.

"உங்களுக்கு எந்த வயசுல போட்டுச்சு?"

"எட்டு."

"எனக்குப் பத்து. உள்ள வாங்க."

உள்ளே மாரியம்மன் படம், பக்கத்தில் அதே உயரத்தில் ஜென்னர். புதுக் கண்ணாடி, அரளி மாலை. டாக்டர் நெற்றியில் குங்குமம், பையன் நெற்றியில் குங்குமம், பசுவுக்கும் விடவில்லை. செல்லாயி அந்தப் படத்தில் ஓர் ஓரமாக நிற்கிற பால்காரப் பெண்ணின் கையைக் காட்டினாள். "பாருங்க, கையில அம்மை முத்துப் போட்டிருக்கு. இவரு அம்மை குத்துறாரு. அரசமரத்தடியில பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம் என்றாள். கல்யாணமான புதிதில் அம்மை குத்துகிறவர்கள் ஊருக்கு வந்தபோது, ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்று பயந்து ஊரே பிள்ளைகளை ஒளித்தது. "மூத்தவளை நான் வைக்கோல்போருக்குள்ள ஒளிச்சு வெச்சேன். அடுத்த வருசம் அவ போயிட்டா. அதுக்கப்புறம் பொறந்தவனை நானே கையைப் பிடிச்சு நீட்டினேன். அழுதான், விடலை. இப்ப லாரி ஓட்டுறான்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

இதைக் கேட்ட பிறகு படத்தைக் கொடு என்று எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டேன். என் பள்ளியைச் சொன்னேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியைச் சொன்னேன். அவள் மாலையில் வாடியிருந்த ஒரு பூவைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "நானாக் குடுக்க மாட்டேன். நானா மாட்டேன்னும் சொல்ல மாட்டேன். ஆத்தாவைக் கேட்டுருவோம், பூக்கட்டிப் பாப்போம்" என்றாள்.

கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றினாள். வெள்ளை வந்தால் படம் மலேசியாவுக்கு, சிவப்பு வந்தால் சமயபுரத்திலேயே. பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் இருக்கும் பக்கம் நோக்கித் தரையில் போட்டாள். மாவிளக்குத் தட்டோடு போன ஒரு குடும்பத்துச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னாள். நான் அறிவியல் டீச்சர், பூப் பொட்டலத்தில் எதுவும் இல்லை என்று தெரிந்தவள். தெரிந்தும், "ஆத்தா, ஆத்தா" என்று வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன்.

சிவப்பு.

ஆனால் என் குணம் என்னைக் கைவிடவில்லை. "ஒரு சோதனையை ஒரு தடவை செஞ்சுட்டு முடிவு எழுதினா என் பிள்ளைகளுக்கு நான் முட்டைதான் போடுவேன். மூணு தடவை பாக்கணும்" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

செல்லாயி வாயில் கை வைத்தாள். "ஆத்தாவையே மறுபரீட்சை எழுதச் சொல்றீங்களா?"

"அவங்க தேறிடுவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பூவெல்லாம் சிதறியது. பக்கத்தில் பூ விற்கிற கிழவி, "மூணு தரம் கேக்குறதும் உண்டும்மா, தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். செல்லாயி மறுபடி மடித்தாள், குலுக்கினாள், சின்னப் பெண் எடுத்தாள். வெள்ளை. மூன்றாவது தடவை எடுத்த பொட்டலத்தின் நூல் அவிழவில்லை. செல்லாயி பல்லால் கடித்து இழுத்தாள். இலை விரிந்தது. வெள்ளை!

நான் கத்தியது ராஜகோபுரம் வரை கேட்டிருக்கும். எழுந்து குதித்தேன் என்று பிறகு அவள்தான் சொன்னாள். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. "வருத்தமா?" என்று கேட்டேன்.

"வருத்தந்தான், இல்லாம இருக்குமா? ஆனா ஆத்தா பிள்ளைங்க இருக்கற இடத்துக்குத்தானே அனுப்பறா. எழுந்திருங்க, சும்மா அனுப்ப மாட்டேன்."

சும்மா அனுப்பவில்லை. படத்தை மஞ்சள் துணியில் சுற்றி, டாக்டர் முகம் மட்டும் தெரிகிற மாதிரி விட்டு, வேப்பிலை செருகி, என் தலையில் தூக்கி வைத்தாள். நான் ஒரு கையால் படத்தையும் ஒரு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேர்த்திக்கடன் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பம்பைக்காரர் எங்களைப் பார்த்து, "எந்தச் சாமிங்க போகுது?" என்றார். செல்லாயி கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "அம்மையை உலகத்தை விட்டே விரட்டினவரு போறாரு! கடல் தாண்டிப் போறாரு, அடிங்க!" என்றாள். அவர் அடித்தார். உடுக்கை சேர்ந்துகொண்டது. கடை வாசலில் நின்ற பெண்கள் முதலில் ஜென்னரைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார்கள். யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருத்தி குலவையிட்டாள். அடுத்த நிமிடம் தெருவே குலவையிட்டது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று எங்கள் ஊர் ரேடியோவில் சொன்னபோது செய்தியோடு செய்தியாகக் கேட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனவள் நான். அந்த வெற்றியை ஒருவரும் எனக்காகக் கொட்டி முழக்கவில்லை. சமயபுரம் அன்றைக்கு முழக்கியது. முகத்தை மறைக்கக் கை இல்லை, மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தலை நிமிர்ந்து, அழுதுகொண்டே நடந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து நின்று எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். "சாமிக்கு டிக்கெட் வேண்டாங்க, உங்களுக்கு மட்டும் எடுங்க" என்றார். படத்தை மடியில் வைத்துச் சன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே கூட்டத்தில் ஓர் இளம்பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிச் சன்னல் பக்கம் நீட்டினாள். குழந்தை படத்தின் கண்ணாடியைத் தட்டி ஜென்னர் மூக்கில் எச்சில் பூசியது. செல்லாயி அந்தக் குழந்தையின் கன்னத்தை இரண்டு விரலால் மெதுவாக, மேலிருந்து கீழாகத் தடவினாள். பிறகு சன்னல் கம்பி வழியே என் கையைப் பிடித்தாள்.

"தொட்டுப் பாருங்க டீச்சர், ஒரு வடு இல்ல. நம்மளோட முடிஞ்சுபோச்சு."

கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது.